கிரேடர்காரனுக்கு ஐந்து கேள்வி

பதினோரு வருஷமாகப் பார்த்துவந்த வேலைக்கே கிளாரி டொங்கின் விண்ணப்பம் போட வேண்டியதாயிற்று.

கூரபின் ஷயரில், அதாவது அந்த ஊராட்சி வட்டாரத்தில், ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் மண் ரோடு இருக்கிறது. அதைச் சீவிச் சமப்படுத்த ஒரு கிரேடர் வண்டி. அந்த வண்டியை ஒழுங்காக ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவன். அவனைப் பதினோரு வருஷமும் தற்காலிகம் என்றே எழுதி வைத்திருந்தார்கள். தற்காலிகம் என்றால் லீவு கிடையாது, காய்ச்சல் வந்தால் சம்பளம் கிடையாது, மழை பெய்தால் வேலையே கிடையாது. இந்த வருஷம் ஷயர் கவுன்சிலுக்குத் திடீரென்று நல்ல புத்தி வந்து அந்த வேலையை நிரந்தரமாக்கிவிட்டது. ஆக்கிய கையோடு ஒரு விதியும் எங்கிருந்தோ எழுந்து வந்தது. நிரந்தர வேலை என்றால் விளம்பரம் கொடுக்க வேண்டும், நேர்காணல் வைக்க வேண்டும், யார் அதிக மதிப்பெண் வாங்குகிறாரோ அவருக்குத்தான் வேலை.

நேர்காணல் குழுவுக்குத் தலைவி நோலீன் ப்ரௌஸ். ரோட்டு வேலைகளுக்கு மேற்பார்வையாளர். ஐம்பத்தாறு வயது, உரத்த குரல், வெயிலில் வெந்த கழுத்து. யாரையும் நேர்காணல் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. கூரபினில் ஒருவனை வேலைக்கு எடுப்பதென்றால் திங்கட்கிழமை வரச் சொல்வார்கள், வியாழக்கிழமைக்குள் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

"எனக்குக் கிடைக்கலேன்னா நான் ஐசாவுக்குப் போயிடுவேன்" என்று கிளாரி ஒரு நாள் டீ நேரத்தில் சொன்னான். "அங்க சுரங்கத்துல மச்சான் இருக்கான். லாரி ஓட்ட ஆளு வேணுமாம்." மிரட்டலாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னான். அதனால்தான் நோலீன் அதை நம்பினாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு கிளாரிக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்து ஆறு வாரம் படுத்திருந்தான். வெளியூரிலிருந்து வந்த ஒரு கான்ட்ராக்டர் ரோட்டை அழகாக, மொழுமொழுவென்று, தண்ணீர் வடியச் சரிவே விடாமல் தட்டையாக மழித்துவிட்டுப் போனான். முதல் மழையிலேயே பள்ளிக்கூட பஸ் அச்சு வரைக்கும் சேற்றில் புதைந்தது. நோலீனுக்கு வந்த போன்களில் பாதி கெட்ட வார்த்தை, மீதி அழுகை. அந்த ஆறு வாரம் ஒரு ஆயுசு முழுக்க வருமென்றால் அவளால் தாங்க முடியாது. இன்னும் இரண்டு மாதத்தில் மழைக்காலம்.

குழுவில் மொத்தம் மூன்று பேர். இரண்டாவது ஆள் சாஸ்கியா. கடற்கரை நகரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆறு ஷயர்களுக்கு ஆள் எடுக்கும் வேலையைக் கவனிக்கிறவள். முப்பது வயதிருக்கும். திரையில் மட்டும்தான் வருவாள். மூன்றாவது ஆள் கவுன்சிலர் ஹெட்லி போக். அறுபத்தெட்டு வயது, நாலாயிரம் மாடு, அதைவிட அதிகமான அபிப்பிராயங்கள்.

நேர்காணலுக்கு முந்தின வாரம் சாஸ்கியா இருவருக்கும் திரை வழியாக அரைநாள் பாடம் எடுத்தாள். எல்லாருக்கும் ஒரே ஐந்து கேள்வி, ஒரே வரிசை, கேள்விக்கு ஐந்து மதிப்பெண். அறைக்குள் சொன்னதற்கு மட்டும்தான் மதிப்பெண். வெளியே தெரிந்ததற்குக் கிடையாது.

"பதினோரு வருஷமா அவன் எங்கிட்ட வேலை பாக்கறான்" என்றாள் நோலீன். "தெரியாத மாதிரி நடிக்கணுமா?"

"நடிக்க வேணாம். தெரிஞ்சதுக்கு மார்க் போடாதீங்க, அவ்ளோதான்."

"அவன் சரியாப் பேசலேன்னா?"

"ஒரே ஒரு வாக்கியம் நீங்க சொல்லலாம். 'இன்னும் ஏதாவது சேர்க்க விரும்புறீங்களா?' அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக்கூடாது. தலையாட்டக் கூடாது. கண்ணு காட்டக் கூடாது."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா" என்றாள் சாஸ்கியா. சிரிக்கவில்லை.

பிறகு ஒரு படிவம் வந்தது. விண்ணப்பதாரருக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பை எழுதுக. கொடுத்திருந்த நாலு வரி நோலீனுக்குப் போதவில்லை. தனித்தாள் ஒட்டினாள். கிளாரியின் அக்காவும் அவளும் ஒரே வகுப்பு. நோலீனின் கல்யாணத்துக்கு இரண்டு ஆடு அறுத்துக் கொடுத்தது அவன். விவாகரத்தானபோது கட்டில் பீரோவை ஏற்றி இறக்கியதும் அவன்தான். அவளுடைய நாய் செத்தபோது குழி தோண்டினான், கிரேடராலேயே.

சாஸ்கியா போன் செய்தாள். "உங்க ஊர்ல உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆளு யாராவது இருக்காங்களா?"

"போன மாசம் புதுசா ஒரு பாதிரியார் வந்திருக்காரு. இன்னும் பழகல."

"சரி விடுங்க" என்றாள் சாஸ்கியா களைப்பாக. ஹெட்லியின் படிவத்தில் ஒரே சொல்தான் இருந்தது: இல்லை.

கிளாரிக்கு நோலீன் எதுவும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. ஆனால் ஊர் சொல்லிக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டல்சியின் பப்பில், கோழி ஷ்னிட்ஸெல் வறுவல் தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு ஒத்திகை ஆரம்பித்தது. நோலீன் அறைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டாள்.

"நான்தான் இன்டர்வியூ எடுக்கறவ" என்றாள் டல்சி, பார் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு. "உன் திறமையப் பத்திச் சொல்லு."

"எதப் பத்தி?"

"திறமைடா, திறமை."

கிளாரி பீர் டம்ளரைப் பார்த்தான். "ஏதோ ஓட்டுவேன்."

"ஏதோவா? முழுசா சொல்லு. 'நான்'னு ஆரம்பி."

"நாங்க... ஏதோ ஓட்டுவோம்."

"நாங்கன்னா யாரு? நீயும் வண்டியுமா?"

பப் சிரித்தது. கிளாரியும் சிரித்தான். ஆனால் 'நான்' வரவில்லை. அது அவன் குற்றமில்லை. கூரபினில் ஒருவன் தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வது, சர்ச்சில் சட்டையைக் கழற்றுவது மாதிரி. ஆம்ப்ரோஸ் என்று ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பு, நாலு பீருக்குப் பிறகு, ஆட்டு ரோமம் கத்தரிப்பதில் இந்த மாவட்டத்திலேயே தான்தான் வேகம் என்று சொல்லிவிட்டார். அது உண்மையும்கூட. மறுநாள் காலையிலிருந்து அவர் பெயர் சாம்பியன். பெண்டாட்டி அப்படிக் கூப்பிட்டாள், பெற்ற தாய் அப்படிக் கூப்பிட்டாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்ஸும், "கையை நீட்டுங்க சாம்பியன்" என்றுதான் சொன்னாளாம்.

டல்சி விடவில்லை. தொலைதூரக் கல்வியில் படித்திருக்கிறாள், முறை தெரியும். "இப்பப் பாரு. முதல்ல நிலைமை என்னன்னு சொல்லு. அப்புறம் உனக்கு என்ன வேலை. அப்புறம் நீ என்ன செஞ்சே. கடைசில என்ன ஆச்சு. நாலே படி. ஏறு பாக்கலாம்."

கிளாரி எழுந்து நின்றான். வேட்டைக்காரன் முன் நிற்கும் கங்காரு மாதிரி அசையாமல் நின்றான். "நிலைமை... ரோடு மோசம். வேலை... சீவறது. செஞ்சது... சீவினேன். என்ன ஆச்சுன்னா... பரவால்ல."

"டேய், அந்தப் 'பரவால்ல'ய எடுத்துட்டு 'பிரமாதமா வந்துச்சு'ன்னு சொல்லுடா!"

"எதுக்கு? பரவால்லதானே."

"சொல்லு!"

கிளாரி கண்ணை மூடிக்கொண்டான். "நான்... நான் ஒரு... நல்ல..."

"சாம்பியன்!" என்று பின்மேஜையிலிருந்து ஒரு குரல்.

அவ்வளவுதான். பப் கூரை பறந்தது. கிளாரி காதுவரை சிவந்து உட்கார்ந்துவிட்டான். ஒத்திகை முடிந்தது.

டல்சி நோலீனின் மேஜைக்கு வந்து தட்டை எடுத்தாள். "நீயாவது அவன்கிட்ட ஏதாவது சொல்லேன்."

"எனக்குக் காது கேக்காது" என்றாள் நோலீன் சுவரைப் பார்த்து. "பதினெட்டாம் தேதி வரைக்கும்."

பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு முதல் ஆள் வந்தான். டிரிஸ்டன் வேல். கடற்கரைப் பக்கத்து ஊர். வெள்ளைச் சட்டை, புது பூட்ஸ், ஒரு தூசி இல்லை. கை குலுக்கும்போதே மூன்று பேர் பெயரையும் சொல்லிக் குலுக்கினான், திரையில் இருந்த சாஸ்கியாவுக்கு மட்டும் கையை ஆட்டினான். வீட்டுமனைகள் போடும் கம்பெனியில் ஏழு மாதம் கிரேடர் ஓட்டியிருக்கிறான். அந்த ஏழு மாதத்தை அவன் சொன்ன விதத்தில் ஒரு நாட்டையே கட்டி எழுப்பியதுபோல் இருந்தது.

"நான் ஒரு சவாலைச் சந்தித்தேன். நான் என் குழுவை ஒன்று திரட்டினேன். நான் முப்பது சதவீத நேரத்தை மிச்சப்படுத்தினேன்."

நாலு படியிலும் தடுக்காமல் ஏறினான். சாஸ்கியா தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள். நோலீன் மதிப்பெண் தாளைப் பார்த்தாள். 'தெளிவான உதாரணம் தந்தாரா?' தந்தான். 'தன் பங்கை விளக்கினாரா?' அதைத் தவிர வேறெதையும் விளக்கவில்லை. ஐந்து போட வேண்டியிருந்தது. பேனா அழுத்தித்தான் எழுதியது. கரிசல் மண்ணில் ஈரம் எப்போது பதம் என்று இவனைக் கேட்டுப் பார்க்க அவளுக்கு நாக்கு துடித்தது. பட்டியலில் அந்தக் கேள்வி இல்லை.

கடைசிக் கேள்வி, ஐந்தாவது: வேலையில் நீங்கள் செய்த ஒரு தவறையும், அதிலிருந்து கற்றதையும் சொல்லுங்கள்.

டிரிஸ்டன் தலையைச் சாய்த்து, வெட்கப்படுவதுபோல் சிரித்தான். "சொல்லணும்னா... நான் வேலையை அளவுக்கு மீறி நேசிக்கிறேன். அதுதான் என் தவறு."

ஹெட்லிக்கு டீ புரை ஏறியது.

பதினொன்றரைக்குக் கிளாரி வந்தான். சாவுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தான். அது அவன் இளைத்திருந்த காலத்துக் கோட்டு. தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் மாட்டிக்கொண்டான். நோலீனைப் பார்த்து, "சௌக்கியமா?" என்றான். காலையில்தான் இருவரும் டிப்போவில் ஒன்றாக டீ குடித்திருந்தார்கள்.

"நல்வரவு, திரு டொங்கின்" என்றாள் நோலீன்.

கிளாரி திரும்பிப் பின்னால் பார்த்தான், தன் அப்பா வந்திருக்கிறாரா என்று.

முதல் கேள்வி: கிரேடர் இயக்குவதில் உங்கள் அனுபவம் என்ன?

"கொஞ்சம் ஓட்டிருக்கேன்."

ஏர்கண்டிஷனர் உறுமியது. திரையில் சாஸ்கியா காத்திருந்தாள். நோலீன் காத்திருந்தாள். கிளாரியும், முடித்துவிட்டவனுக்குரிய நிம்மதியோடு, காத்திருந்தான்.

"இன்னும் ஏதாவது சேர்க்க விரும்புறீங்களா?" என்றாள் நோலீன்.

யோசித்தான். "பெரிய வண்டி" என்றான்.

இரண்டாவது கேள்வி: சிக்கலான ஒரு பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள்?

"அப்படி ஒண்ணும் பெரிசா வந்ததில்ல. வந்தா ஏதாவது பண்ணிடுவோம்."

"இன்னும் ஏதாவது சேர்க்க விரும்புறீங்களா?" இந்தத் தடவை குரலில் கொஞ்சம் பல்கடிப்பு இருந்தது.

"இல்ல, போதும்."

மூன்றாவது, கூட வேலை செய்கிறவர்களோடு எப்படி? "அவங்க நல்லவங்க." நாலாவது, பாதுகாப்பு? "ஜாக்கிரதையா இருக்கணும்." ஒவ்வொன்றுக்கும் நோலீன் அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். நாலாவது தடவை அதைப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்வதுபோல் சொன்னாள். கிளாரி பயந்துபோய், "நான் என்னம்மா பண்ணினேன்?" என்ற முகத்தோடு பார்த்தான்.

தாளில் ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. நோலீனுக்குப் புதைந்து நிற்கும் பஸ் கண்ணில் தெரிந்தது. ஐசா போகும் ரோடும் தெரிந்தது. அதையும் ஷயர் எல்லை வரைக்கும் கிளாரிதான் போட்டிருந்தான். நன்றாகத்தான் போட்டிருந்தான்.

"கடைசிக் கேள்வி" என்றாள். குரல் செத்திருந்தது. "வேலையில நீங்க செஞ்ச ஒரு தவறையும், அதுலேர்ந்து கத்துக்கிட்டதையும் சொல்லுங்க."

கிளாரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணா?" என்றான். "எந்த வருஷத்துலேர்ந்து?"

சாஸ்கியா தட்டச்சை நிறுத்தினாள். "எது... எது முக்கியம்னு உங்களுக்குத் தோணுதோ."

"எல்லாம்தாம்மா முக்கியம்." தொப்பியை முழங்காலிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். "முதல் வருஷம், எட்டு மைல் ரோடு. ஆகஸ்ட் மாசம், காய்ஞ்சு கிடக்கு. நான் பாட்டுக்கு சீவித் தள்ளிட்டேன். முட்டாப்பய வேலை. காய்ஞ்ச மண்ணு கட்டாது, பொடிப்பொடியாப் போயிடும். ரெண்டே வாரத்துல காத்து அத்தனையையும் பக்கத்து ஷயருக்குக் கொண்டுபோயிடுச்சு. அன்னிலேர்ந்து வண்டியை இறக்கறதுக்கு முன்னாடி ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பாப்பேன். உருண்டையா நிக்கணும், கையில ஒட்டக்கூடாது. அதான் பதம். அந்தப் பதம் எங்க இருக்குன்னு தெரியணும்னா எங்க மழை பெஞ்சுதுன்னு தெரியணுமே? அதனால காலைல அஞ்சரைக்குப் பதினாலு பண்ணை வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கறேன்."

"தினமுமா?" என்றாள் நோலீன். விதியை மீறிய கேள்வி. யாரும் கவனிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஆறரைக்கு. தூங்குவாங்க இல்ல?"

அடுத்து மூன்றாவது வருஷம். கால்பந்து இறுதி ஆட்டம் பார்க்கும் அவசரத்தில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டியவன் ஒன்பதில் போனான். வேகம் கூடினால் பிளேடு துள்ளும், துள்ளினால் ரோடு சலவைப் பலகை மாதிரி அலை அலையாகிவிடும். "அந்த ரோட்டுல போன நர்ஸம்மாவுக்குப் பல்லுல அடைச்சிருந்த சிமென்ட் உதிர்ந்து போச்சு. அந்த அலைக்கெல்லாம் நான்தான் அப்பன். மறுபடி முழுசாக் கிளறிப் போட்டேன். ஆட்டத்துலயும் நம்ம டீம் தோத்துப் போச்சு."

பள்ளிக்கூட பஸ் திரும்பும் வளைவு. ரோட்டின் நடுவை மேடாகவும் ஓரங்களைச் சரிவாகவும் விட வேண்டும், மீட்டருக்கு நாலு சென்டிமீட்டர். இவன் அசட்டையாக இரண்டு விட்டிருந்தான், தண்ணீர் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்த் திரும்ப வெட்டினான். "அதுக்கு மணி எழுதல. தப்பு என்னுது, ஷயர் எதுக்குச் சம்பளம் தரணும்?"

ஒருமுறை சாயங்காலம் வேலையை நிறுத்தியபோது சீவிய மண்ணை ரோட்டின் நடுவில் வரப்பாக விட்டுவிட்டுப் போனான், ஒரு பெண்மணி காரோடு அதில் ஏறிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் மடியிலிருந்த கேக்குக்கு ஆனது. அதிலிருந்து எத்தனை நேரமானாலும் வரப்பை ஓரம் தள்ளாமல் வண்டியை விட்டு இறங்குவதில்லை. ஒருமுறை தண்ணீர் லாரி ஓட்டுகிறவளைத் திட்டிவிட்டான். தப்பு அவள்மேல் இல்லை, இவன்தான் இடத்தை மாற்றிச் சொல்லியிருந்தான். மறுநாள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான். அன்றிலிருந்து காலையில் யார் எங்கே என்று ஒரு அட்டையில் வரைந்து கொடுத்துவிடுகிறான்.

சாஸ்கியா தலை நிமிரவே இல்லை. விசைப்பலகைச் சத்தம் தகரக் கொட்டகையில் மழை பெய்வதுபோல் கேட்டது. இருபது நிமிஷமாக அந்த மனிதன் பேசிக்கொண்டிருந்தான். பதினோரு வருஷத்தில் நோலீன் அவனிடம் கேட்ட மொத்தப் பேச்சும் அவ்வளவு இருக்காது. தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் வராதவன், தன்னைத் திட்டுவதென்றால் ஒரு ஊருக்கே சொற்பொழிவு ஆற்றுவான் போலிருந்தது. இப்போது 'நான்' தடையில்லாமல் வந்தது. முட்டாள்தனம் பண்ணினேன் என்று சொல்ல எந்தக் கூச்சமும் தேவையில்லை.

"அப்புறம்" என்றான் கிளாரி. நின்றான். ஹெட்லி பக்கம் திரும்பினான். "அப்புறம் உன் எல்லைல இருக்கற மாட்டுச் சட்டம், ஹெட்லி."

ஹெட்லியின் பண்ணை எல்லையில், மாடுகள் தாண்டாமலிருக்க ரோட்டின் குறுக்கே பதித்த இரும்புச் சட்டம் அது. நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் காலையில் வளைந்து கிடந்தது. பக்கத்துப் பண்ணை மகார்டிலின் மாட்டு லாரிதான் வளைத்தது என்று ஹெட்லி முடிவு கட்டினார். மகார்டில் இல்லை என்றார். இருவரும் நாற்பது வருஷச் சிநேகிதர்கள். அன்றோடு பேச்சு நின்றது. மகார்டில் மகளின் கல்யாணத்தன்று ஹெட்லி ஊரிலேயே இல்லை, வேண்டுமென்றே.

"அது நான்" என்றான் கிளாரி. "பின்னால பாக்காம ரிவர்ஸ் எடுத்தேன். மூணு தடவை உன்கிட்டச் சொல்ல வந்தேன்யா. மூணு தடவையும் நீ மகார்டிலத் திட்டிக்கிட்டு இருந்தே. பேசறவங்க நடுவுல குறுக்கப் பேசறது மரியாதை இல்லைன்னு திரும்பிட்டேன். அதுதான் நான் செஞ்சதுலேயே பெரிய தப்பு. கத்துக்கிட்டது என்னன்னா, குறுக்கப் பேசணும்."

ஏர்கண்டிஷனர் அந்த நேரம் பார்த்து நின்றது. ஹெட்லியின் முகம் உரித்த பீட்ரூட் மாதிரி இருந்தது. கிளாரி தொப்பியை எடுத்தான். "அவ்ளோதான். தேங்க்ஸ்" என்று சொல்லி, கதவை இழுக்கப் பார்த்து, தள்ள வேண்டும் என்று கண்டுபிடித்து, போய்விட்டான்.

நோலீன் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று பேரும் ஒத்துப்போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் குழு கலையும், மறுபடி விளம்பரம், மறுபடி மூன்று மாதம்.

"நான் ஆரம்பிக்கறேன்" என்றாள் சாஸ்கியா. "டிரிஸ்டன், முதல் நாலுக்கும் நல்ல மதிப்பெண், கடைசிக்கு ஒண்ணு. வேலையை நேசிக்கறது தவறு இல்ல, அது பதிலும் இல்ல. மொத்தம் இருபது. டொங்கின், இருபத்தி நாலு."

"என்னது?" என்றாள் நோலீன்.

"முதல் கேள்விக்கு அனுபவம் கேட்டோம். மண்ணுப் பதம், சரிவு, வேகம், எல்லாம் சொல்லிருக்காரு. ரெண்டாவது, பதினாலு வீட்டு மழைக்கணக்கு. மூணாவது, அந்த அட்டை. நாலாவது, வரப்பு. எந்தக் கேள்விக்குப் பதிலாச் சொல்லணும்னு விதில இல்ல. அறைக்குள்ள சொன்னாராங்கறதுதான் விதி. சொன்னாரு. நான் எழுதி வெச்சிருக்கேன், பதினோரு பக்கம்."

நோலீனுக்கு அந்தத் திரையைக் கட்டிப் பிடிக்கலாம்போல் இருந்தது. பிடிக்கவில்லை. தன் தாளில் இருந்த ஒன்றுகளை அடித்துவிட்டு அதே இருபத்தி நாலை எழுதினாள். மிச்சம் ஹெட்லி.

"கவுன்சிலர்" என்றாள் சாஸ்கியா, "அந்தச் சட்டம் உங்க சொந்தமா?"

"ஊர் ரோட்டுல இருக்கறது" என்றாள் நோலீன் முந்திக்கொண்டு. "ஷயர் சொத்து. ரிப்பேர் பண்ணினதும் நாங்கதான்."

"அப்போ உங்களுக்குத் தனிப்பட்ட நஷ்டம் இல்ல. நீங்க மார்க் போடலாம்."

"போடறேன்" என்றார் ஹெட்லி. பேனாவைக் கத்திபோல் பிடித்தார். "நாலு வருஷம்! ஒரு மனுஷனை நாலு வருஷம் திட்ட வெச்சிருக்கான். பூஜ்யம் போடறேன். அஞ்சுக்கும் பூஜ்யம்."

"போடலாம். மூணுக்குக் கீழ போட்டா ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதணும். விவரமா."

"எழுதறேன்."

"அந்தத் தாள் கவுன்சில் கூட்டத்துல படிக்கப்படும்."

பேனா நின்றது. கவுன்சில் கூட்டத்துக்கு ஊரே வரும், டீயும் கேக்கும் இலவசம் என்பதால். மகார்டில் முதல் வரிசையில் உட்காருவார், ஹெட்லியை முறைப்பதற்காகவே. ஹெட்லி அந்தக் காட்சியைப் பார்ப்பது நோலீனுக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது. மெதுவாக, மாடு அசைபோடுவதுபோல், தாடை அசைந்தது.

"மூணுக்கு மேல போட்டா?"

"காரணம் வேணாம். இன்டர்வியூல பேசினது எதுவும் இந்த அறைய விட்டு வெளிய போகாது. இரகசியம்."

"முழு இரகசியமா?"

"குழுவைப் பொறுத்தவரைக்கும் முழு இரகசியம்."

ஹெட்லி தொண்டையைச் செருமினார். "இந்தக் காலத்துல இவ்வளவு நேர்மையான ஆளைப் பாக்கறது கஷ்டம்" என்று சொல்லி, வரிசையாக ஐந்து ஐந்து போட்டுக் கையெழுத்திட்டார். நோலீன் மை காயுமுன் தாளை இழுத்துப் படம் எடுத்துச் சாஸ்கியாவுக்கு அனுப்பினாள். "வந்துடுச்சு" என்றாள் சாஸ்கியா. "பதிவு பண்ணிட்டேன். இனி மாத்த முடியாது."

அப்போது ஹெட்லியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் அதை மேஜையில் தள்ளி வைத்தார், சுட்டதுபோல். திரையில் 'மகார்டில்' என்று இருந்தது. நாலு வருஷமாக வராத பெயர். அடித்து ஓய்ந்தது. உடனே திரும்ப அடித்தது.

நோலீன் வராந்தாவுக்குப் போய்க் கிளாரியைப் போனில் கூப்பிட்டாள்.

"எங்கடா இருக்கே?"

"மகார்டில் வீட்டு வாசல்ல. ஹெட்லிகிட்டச் சொல்லிட்டு இவர்கிட்டச் சொல்லாம இருந்தா நியாயமில்ல, இல்லையா? இப்பத்தான் சொன்னேன். நல்லாச் சிரிச்சாரு. இப்ப யாருக்கோ போன் போட்டுட்டிருக்காரு."

"குழு இரகசியம் காக்கணும்னுதான் விதி" என்று நோலீன் தனக்குள் சொல்லிக்கொண்டாள். விண்ணப்பதாரர் காக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. உள்ளே ஹெட்லியின் குரல், "ஹலோ" என்றது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல.

"வேலை உனக்குத்தான்" என்றாள். "இருபத்தி நாலு மார்க். லீவு உண்டு, காய்ச்சல் வந்தாலும் சம்பளம் உண்டு."

மகார்டிலின் நாய் குரைப்பது கேட்டது.

"ஒரு மார்க் எதுல போச்சு?" என்றான் கிளாரி.

"தெரியாது. சந்தோஷப்படுடா."

"இல்ல, அங்க பதட்டத்துல ரெண்டு தப்பைச் சொல்லாம விட்டுட்டேன். அதான் குறைஞ்சிருக்கும். வேணும்னா இப்ப வந்து சொல்லிட்டுப் போறேன்."

"வராதே."

"ஒண்ணு சின்னது. இன்னொண்ணு உன் யூட் பிக்கப் வண்டியோட பின்கதவு. பறவைக் கண்காட்சி அன்னிக்கு, மரம் விழுந்து நசுங்குச்சுன்னு எல்லாரும் சொன்னாங்களே..."

"கிளாரி," என்றாள் நோலீன், "அப்போ அது மரம் இல்லையா?"